செவலையில் இடமில்லை

எங்கள் வரதராஜபுரத்துப் பொன்னையா வீதியில் கெங்குசாமி இத்தாலிக் கார் வாங்கியது, ஒருத்தரையும் அதில் ஏற்றக் கூடாது என்பதற்காகத்தான். மற்றவர்கள் கார் வாங்குவது நாலு பேரை ஏற்றிக்கொண்டு பழனிக்கும் மருதமலைக்கும் போய்வர. இவரோ பம்பு கம்பெனி நடத்திய காலம் முழுக்க ஒரு வெள்ளை அம்பாசிடரில் அத்தை, சித்தி, சித்தியின் கொழுந்தியா, கொழுந்தியாவின் ஊறுகாய் ஜாடி என்று ஒறம்பரை மொத்தத்தையும் சுமந்து, கியர் போடும்போதெல்லாம் யாராவது ஒருவரின் முழங்காலை இடித்து, மூச்சுவிட வழியில்லாமல் ஓட்டி ஓட்டி வெறுத்துப்போன மனிதர். கம்பெனியைக் கைமாற்றிவிட்டு வீட்டில் உட்கார்ந்த அன்றைக்கே, "இனி ரெண்டே ரெண்டு சீட்டு இருக்கற வண்டிதான்" என்று சொல்லிவிட்டார்.

இது அவர் வெளியில் சொன்ன காரணம். உள்ளே இருந்த காரணம் அவருடைய ஒரே மகள் சாருமதி. அவள் ஊரின் மறுகோடியில் இருக்கிற கணபதியில் பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் சீட் தைக்கிற சகாயராஜைக் கட்டிக்கொண்டு போனாள். பையன் நல்லவன், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது. இவர் ஒத்துக்கொள்ளாததற்கு ஜாதிதான் காரணம், சுற்றி வளைத்துச் சொல்ல இதில் என்ன இருக்கிறது? அவள் போன அன்று கெங்குசாமி வாசலில் நின்று, "இந்த ஊட்டுல இனி ரெண்டு பேருக்குத்தான் எடம்" என்று சத்தமாகச் சொன்னதை வீதியே கேட்டது. அவர் மனைவி கிருஷ்ணவேணி, எங்கள் எல்லோருக்கும் வேணியக்கா, உள்ளே போய் அடுப்பில் பொங்கிய பாலை இறக்கி வைத்தார்.

அந்த இத்தாலிக் கார் வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் விறகுக் கொட்டகையில் கிடைத்தது. என்றோ ஒரு வெள்ளைக்காரத் துரை ஓட்டிவிட்டுப் போட்டுப் போனது. முன்சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது, அது குஞ்சு பொரித்து இறங்கும்வரை காத்திருந்துதான் லாரியில் ஏற்றினார்கள். பிறகு சிங்காநல்லூரில் வேலுமயிலின் ஒர்க் ஷாப்பில் அந்த வண்டி வருஷக்கணக்கில் கிடந்தது. வேலுமயில் அலுமினியத் தகட்டை மரச் சுத்தியலால் தட்டித் தட்டி அதன் நெளிந்த முதுகை நிமிர்த்தினார். கிடைக்காத பல்சக்கரங்களைக் கடைந்து வாங்கினார். கதவுக் கீலுக்கு உள்ளே ஒளிந்திருந்த பழைய பெயிண்ட்டைச் சுரண்டி எடுத்து, அதே ரத்தச் சிவப்பைக் கலந்து எடுக்க இரண்டு பெயிண்டர்களோடு சண்டை போட்டார். ஸ்டீயரிங் இடது பக்கம்தான் இருந்தது, அதையும் மாற்றக் கூடாது என்றார் கெங்குசாமி. எல்லாம் பிறந்தபடியே இருக்க வேண்டும், கடிகாரம் உட்பட. எலி கடித்துக் குதறிய சீட்டுகளை மட்டும் வேலுமயில் வெளியில் கொடுத்து, மெத்தை வைத்துத் தோல் தைத்து வாங்கி மாட்டினார். எங்கே கொடுத்தார் என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

வண்டி வீதிக்குள் வந்த நாளில் நாங்கள் எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டோம். தாழ்ந்த நெற்றியும் அகன்ற பின்புறமுமாக, சந்தைக்கு ஓட்டிவந்த காளை மாதிரி அது உறுமிக்கொண்டு நின்றது. அதன் இத்தாலிப் பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, அதனால் அன்றைக்கே, சிவப்பு மாட்டுக்கு வைப்பதுபோல, அதற்குச் செவலை என்று பெயர் வைத்தோம்.

அதிசயம் நடந்தது மறுநாள் காலை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டு, கெங்குசாமியும் வேணியக்காவும் முக்குப் பிள்ளையார் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். வழியில் கால் சுளுக்கிக்கொண்ட ஹெலன் டீச்சர் சுவரைப் பிடித்து நொண்டி நொண்டிப் போய்க்கொண்டிருந்தார். வேணியக்கா வாழ்நாளெல்லாம் டவுன் பஸ்ஸில் போன பழக்கத்தில், கொஞ்சமும் யோசிக்காமல், "ஏனுங்க, சித்த நிறுத்துங்க" என்று சொல்லிக் கதவைத் திறந்து, "வாங்க டீச்சர், நா அக்கட்ட தள்ளி உக்காந்துக்கறேன்" என்றபடி தள்ளி உட்கார்ந்தார். அக்கட்ட தள்ளுவதற்கு அங்கே இடமே கிடையாது, கியர் கம்பியும் புருஷனும்தான். ஆனால் தள்ளினார், இடம் இருந்தது. டீச்சர் உட்கார்ந்து கதவைச் சாத்தினார். அடுத்த முக்கில் பூக்காரர் பழனாத்தாள் கூடையோடு நின்றார். டீச்சர் தள்ளி உட்கார்ந்தார், அவருக்கும் கூடைக்கும் இடம் இருந்தது.

கோயில் வாசலில் நாலு பேர் இறங்கியதைப் பார்த்த ஐயர், தீபாராதனைத் தட்டைக் கீழே வைக்காமலே, "பரவால்ல, உள்ள விசாலமாத்தான் இருக்கும்போல" என்றார். கெங்குசாமி மட்டும் வீட்டுக்கு வந்ததும் டேப்பை எடுத்து உள்ளும் புறமும் அளந்தார். வெளியே ஒரு இழைகூட வளரவில்லை, உள்ளே இரண்டே சீட்டு, நடுவில் கியர் கம்பி. திரும்பத் திரும்ப அளந்துவிட்டு, டேப்பில்தான் கோளாறு என்று முடிவு செய்து புது டேப் வாங்கிவரச் சொன்னார்.

ஆடி முடிவதற்குள் எங்கள் வீதிக்குச் செவலையின் குணம் மனப்பாடம் ஆகிவிட்டது. அதற்கு ஒரே ஒரு விதிதான். உள்ளே இருப்பவர் வெளியே நிற்பவருக்காகத் தள்ளி உட்கார வேண்டும், அவ்வளவுதான், தள்ளிய அளவுக்கு இடம் பிறக்கும். யாரும் தள்ளாவிட்டால் அது இரண்டு சீட்டு வண்டி. தனக்கென்று பையைப் போட்டு இடம் பிடித்தவர்களுக்கு அது வேறு முகத்தைக் காட்டியது: ரியல் எஸ்டேட் தங்கமுத்து பக்கத்தில் தோல் பையை வைத்துக்கொண்டு, யார் கேட்டும் எடுக்காமல் காந்திபுரம்வரை போனவர், இறங்கும்போது முழங்கால் மோவாயை முட்டிக்கொண்டிருந்ததால் இருவர் பிடித்து வெளியே இழுக்க வேண்டியிருந்தது, அதற்கப்புறம் எங்கே போனாலும் பையை மடியில் வைத்துக்கொள்கிற மனிதராகிவிட்டார்.

பஸ் ஸ்டிரைக் வந்தது, பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் எல்லோரும் செவலையில் போனார்கள், முதலில் ஏறியவன் கடைசியில் ஏறியவளுக்குப் பேனா கொடுக்க அது கைமாறிக் கைமாறிப் போக வேண்டியிருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு நாதஸ்வரமும் இரண்டு தவிலும் வாசித்துக்கொண்டே போனார்கள். நேர்ச்சைக்கு விட்ட ஆட்டுக்கிடாய் ஒன்று போனது, அதுவும் யாருக்கோ தள்ளி நின்று இடம் கொடுத்தது என்கிறார் பழனாத்தாள், நான் பார்க்கவில்லை. விஷயம் கேள்விப்பட்டு ஒரு காலேஜ் பௌதிகப் பேராசிரியர் கருவிகளோடு வந்தார். ஏறினார், தள்ளி உட்காரச் சொன்னபோது தள்ளி உட்கார்ந்தார், பக்கத்தில் வந்தவர் அவருடைய சொந்த ஊர்க்காரராகப் போய்விட்டதால் பேச்சு சுவாரசியத்தில் கருவிகளை மறந்துவிட்டு, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடச் சொல்லிப் போனார். மினிபஸ்காரர்கள் மட்டும் வந்து சத்தம் போட்டார்கள். அவர்களையும் ஒரு நாள் ஏற்றி அன்னபூரணி மெஸ்ஸுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டதில் கொஞ்சம் தணிந்தார்கள்.

கெங்குசாமிக்கு எரிச்சலும் இருந்தது, பெருமையும் இருந்தது. தப்பித்து ஓடிவந்த ஒறம்பரை மொத்தமும் இன்னும் பெருகி முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து முறுக்குத் தின்கிறதே என்று எரிச்சல். ஆனால் வேறு யாரையும் ஸ்டீயரிங்கைத் தொடவிட மாட்டார். எல்லோரும் ஏறுவது ரோட்டுப் பக்கம், வலது கதவு வழியாக. இவரோ இடது பக்கம், பிளாட்பார ஓரமாக, அடித்த ஆணி மாதிரி உட்கார்ந்திருப்பார். அத்தனை பேர் தள்ளித் தள்ளி உட்கார்ந்த அந்த வண்டியில் ஒரு தடவைகூடத் தள்ளி உட்காராதவர் அவர் ஒருத்தர்தான். டிரைவரை யார் தள்ளி உட்காரச் சொல்லுவார்கள்?

அந்த வருஷம் தை மாசத்தில், பழைய கார் சேகரிப்பவர்கள் எல்லாம் அவிநாசி ரோட்டு மைதானத்தில் கூடுவதாகவும், இத்தாலியிலிருந்தே ஒரு நிபுணர் வந்து பார்த்து, பிறந்தபடியே இருக்கிற வண்டிக்குப் பித்தளை வில்லை ஒன்று கொடுப்பதாகவும் செய்தி வந்தது. கெங்குசாமி தூக்கத்தை விட்டார். காலையும் மாலையும் செவலையைத் துடைத்தார், சக்கரக் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். அதே சமயத்தில்தான் சாருமதிக்கு எட்டாம் மாசம் நடந்துகொண்டிருந்தது. வேணியக்கா வாரா வாரம் கணபதிக்குப் போய் மகளைப் பார்த்துவருவதும், மாங்காயும் நெல்லிக்காயும் கொண்டு கொடுப்பதும் வீதி முழுக்கத் தெரியும், கெங்குசாமியிடம் சொன்ன கணக்கில் மட்டும் அது கோயில்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எந்த ஜாதிக்கும் மாறாத வழக்கம். ஒன்பது பிறந்ததும் பெண்ணைக் கூட்டிவர வேண்டும், அதற்கு அப்பன் போய் நிற்க வேண்டும்; அவன் வராத பெண்ணைப் பார்த்து ஊர் பேசுகிற பேச்சு இருக்கிறதே, அதைக் கேட்டுக்கொண்டு பிள்ளை பெறுவது கொடுமை. வேணியக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வீதிப் பாதியும் செவலையில் திரும்பிக்கொண்டிருந்தபோது, தனியாகக் கேட்டால் எழுந்து போய்விடுவார் என்று தெரிந்து, எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"ஏனுங்க, சாருவுக்கு ஒம்பது பொறக்கப் போகுதுங்க. நாம போயி கூட்டியாந்தரலாமுங்களா?"

முறுக்குச் சத்தம் நின்றது. கெங்குசாமி ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "எதுல கூட்டியாறது? எடமில்ல."

பின்னால் ஹெலன் டீச்சர் இருந்தார், ஐயர் இருந்தார், தவில்காரர்கள் தவிலோடு இருந்தார்கள், பழனாத்தாள், தங்கமுத்து, இன்னும் யார் யாரோ இருந்தார்கள், எல்லோருக்கும் கால் நீட்ட இடம் இருந்தது.

"வண்டிய நிறுத்துங்க" என்றார் வேணியக்கா. அவர் குரலை உயர்த்தவே இல்லை. "எம்பட புள்ளைக்கு எடமில்லாத வண்டியில எனக்கு மட்டும் எதுக்குங்க எடம்?"

இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டு ரோட்டோரமாக நடக்க ஆரம்பித்தார். பிறகு டீச்சர் இறங்கினார், இன்னும் தீராத கால் வலியோடு. பழனாத்தாள் இறங்கினார். ஒருவர்பின் ஒருவராக, கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையும் தேங்காயுமாக, எல்லோரும் இறங்கி வேணியக்காவுக்குப் பின்னால் நடந்தோம். நானும் இறங்கினேன், நல்ல வெயில். "அட, ஏறுங்கப்பா, என்ன கெரகம் இது!" என்று கெங்குசாமி கத்தினார். கடைசியாக இறங்கிய தங்கமுத்து மட்டும் திரும்பி, "எடமில்லீங்க" என்றார்.

அதற்குப் பிறகு கெங்குசாமிக்கு அவர் ஆசைப்பட்ட கார் கிடைத்தது. பக்கத்தில் ஒரு காலி சீட்டு, பின்னால் வெறும் தகடு. முறுக்கு வாசம்கூட இரண்டு நாளில் போய்விட்டது. பால் வாங்கப் போனார், தனியாக. பெட்ரோல் போடப் போனார், தனியாக. யாரையாவது பார்த்தால் வேகத்தைக் குறைப்பார், அவர்கள் வணக்கம் சொல்லிவிட்டு நடந்துபோவார்கள். வீட்டில் வேணியக்கா காப்பி கொடுத்தார், சாப்பாடு போட்டார், வார்த்தை மட்டும் கொடுக்கவில்லை. பாவம் மனிதர் என்று எங்களுக்கே தோன்றியது, இருந்தாலும் யாரும் ஏறவில்லை.

கண்காட்சி நாளில் இத்தாலி நிபுணர் வந்தார். வெள்ளைத் தாடி, கழுத்தில் கண்ணாடி. செவலையைச் சுற்றிச் சுற்றி வந்தார், படுத்துக்கொண்டு அடிவயிற்றைப் பார்த்தார், மண்டியிட்டு விளக்குகளை மோந்தார். உள்ளே ஏறித் தனியாக உட்கார்ந்தார். தள்ளி உட்கார யாருமில்லை, அது இரண்டு சீட்டு வண்டியாக, டேப் சொன்னபடியே, அடக்கமாக இருந்தது. கடைசியில் அவர் சீட்டின் ஓரத்துத் தையலை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்துவிட்டு ஏதோ சொன்னார். கூட இருந்தவர் மொழிபெயர்த்தார்: "இந்த வண்டியிலேயே அவருக்கு ரொம்பப் பிடிச்சது இந்தத் தையல்தானாம். இத்தனை பிரியமா யார் தைச்சதுன்னு கேக்கறார்."

பித்தளை வில்லை ஒரு வெல்வெட் பெட்டியில் வந்தது. கைதட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். கெங்குசாமி திரும்பிப் பார்த்தார், காட்டுவதற்கு ஆளில்லை, வேலுமயில் மட்டும் கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"வேலு, சீட்ட எங்க குடுத்துத் தெச்ச?"

வேலுமயில் கைத்துண்டால் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "வேற எங்கீங்க குடுப்பேன்? கணபதிலதானுங்க. மாப்பிள்ள தோலு வெட்டுனாப்ல. மெத்த வெச்சது, தெச்சது எல்லாம் நம்ம சாரு அம்மிணிதானுங்க. எங்கப்பா வண்டி, வேற யாரும் ஊசி வெக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டா."

கெங்குசாமி வெல்வெட் பெட்டியைப் பக்கத்துச் சீட்டில் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். வீட்டுக்குத்தான் கிளம்பினார், ஆனால் கை கணபதிக்குப் போகிற சத்தி ரோட்டுப் பக்கம் திருப்பியது. போகப் போக இடம் குறுகியது. கூரை தலையைத் தட்டியது, முழங்கால் ஸ்டீயரிங்கில் இடித்தது, மோவாய் ஹாரனில் பட்டு, கணபதிக்குள் நுழையும்போது செவலை தன்பாட்டுக்கு அலறிக்கொண்டே வந்தது. மினிபஸ் சீட்டுகள் வாசலில் அடுக்கியிருந்த ஒரு கடைக்கு முன்னால் நிறுத்தினார்.

ஹாரன் சத்தம் கேட்டு சாருமதி வெளியே வந்தாள். நிறைமாத வயிறு, தலையில் பஞ்சுத் துகள், கையில் ஊசி. அப்பாவைப் பார்த்தாள். அவரும் பார்த்தார்.

"ஏறு, அம்மிணி" என்றார் கடைசியில்.

வலது கதவு ரோட்டுப் பக்கம். அந்தப் பக்கம் சத்தி பஸ்ஸும் லாரியும் ஒன்றையொன்று முட்டாத குறையாகப் போய்க்கொண்டிருந்தன. அவள் அந்தப் பக்கம் போகவில்லை. பிளாட்பாரத்திலிருந்து இறங்கி, அப்பாவின் கதவைத் திறந்து, அவருக்கு நேரே நின்று, ஊரில் எல்லா பஸ்ஸிலும் எல்லோரும் சொல்வதை அப்படியே சொன்னாள்.

"கொஞ்சம் அக்கட்ட தள்ளி உக்காருங்கப்பா."

கெங்குசாமி பக்கத்துச் சீட்டைப் பார்த்தார். அங்கே வெல்வெட் பெட்டி இருந்தது. அதை எடுத்தார், எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கணம் வைத்திருந்தார், பிறகு காலடியில் போட்டார். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கியர் கம்பியைத் தாண்டி, "ஸ்ஸ்" என்று முனகிக்கொண்டு, அறுபத்தைந்து வயதில் முதல் தடவையாகத் தள்ளி உட்கார்ந்தார். வண்டி பெருமூச்சு விட்ட மாதிரி ஒரு சத்தம், கூரை மேலே போனது, கால் நீட்ட இடம் வந்தது.

சாருமதி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள். ஓட்டத் தெரியும், அம்பாசிடரில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

"நீயா தெச்ச?" என்றார்.

"நீங்க எப்பிடியும் ரெண்டு பேருக்குத்தான் எடம்னு சொல்லுவீங்கன்னு தெரியுமுங்க. அதான் மினிபஸ்ஸுக்கு வெக்கற மாதிரி கொஞ்சம் தாராளமா வெச்சுத் தெச்சேன்." சிரித்தாள், சிரிக்கும்போதே கண் நிரம்பிவிட்டது. "இந்தளவுக்கு ஆகும்னு எனக்கே தெரியாதுங்கப்பா."

கடை வாசலில் சகாயராஜ் கத்தரிக்கோலோடு நின்றுகொண்டிருந்தான், வரலாமா கூடாதா என்று தெரியாமல். சாருமதி அவனைப் பார்த்தாள், அப்பாவைப் பார்க்கவில்லை, சாவியையும் திருப்பவில்லை. கெங்குசாமி தொண்டையைக் கனைத்தார். எட்டி வலது கதவைத் திறந்துவிட்டு, மகள் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"கடையப் பூட்டிப்போட்டு வாங்க, மாப்பிள்ள."

அன்று சாயங்காலம் செவலை வீதிக்குள் வந்தபோது நாங்கள் எல்லோரும் வாசலில்தான் இருந்தோம். ஸ்டீயரிங்கில் சாருமதியைப் பார்த்ததும் பழனாத்தாள் குலவையிட்டார். வேணியக்கா ஆரத்தித் தட்டைத் தேடி உள்ளே ஓடி, அது கிடைக்காமல் சாப்பாட்டுத் தட்டில் கரைத்துக்கொண்டு வந்து சுற்றினார். சுற்றி முடித்ததும் சாருமதி, "பிள்ளையாரக் கும்புட்டுட்டு ஊட்டுக்குள்ள வர்றனுங்கம்மா, ஏறுங்க" என்றாள்.

வேணியக்கா ஏறவில்லை. ஆரத்தித் தட்டோடு நின்று புருஷனைப் பார்த்தார், இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த வார்த்தையை எடுத்துக் கேட்டார்.

"எடமிருக்குதுங்களா?"

கெங்குசாமி மகளுக்கும் மருமகனுக்கும் நடுவில், கியர் கம்பி முழங்காலில் இடிக்க, அம்பாசிடர் காலத்தில் மற்றவர்கள் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தார். மருமகனின் தோளைத் தட்டி நகரச் சொல்லி, தானும் தள்ளினார், வேணியக்கா உட்கார்ந்த பிறகும் தள்ளினார், இன்னும் தள்ளினார். பிறகு கழுத்தை நீட்டி, வாசல்களில் நின்றுகொண்டிருந்த எங்களைப் பார்த்து, மினிபஸ் கண்டக்டர் மாதிரி தொண்டை கிழியக் கத்தினார்.

"என்ன நின்னு பாத்துட்டு இருக்கறீங்க? ஏறுங்க, ஏறுங்க, உள்ள எடம் கெடக்குது!"